உபுண்டுவில் டேலி பிரைம்: கணக்குக்குச் சேதாரம் இல்லாமல் ஓட்டும் வழி

அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் உபுண்டுவுக்கு மாறியிருக்கும். அக்கவுண்ட்ஸ் மேசை மட்டும் விண்டோஸிலேயே நிற்கும். காரணம் டேலி என்ற கணக்கு மென்பொருள். டேலி பிரைமுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸ் பதிப்பு மட்டும்தான். அந்த மேசையையும் உபுண்டுவுக்குக் கொண்டுவர முடியும். ஆனால் டேலி திறப்பதோடு வேலை முடிவதில்லை. உரிமம் நிற்க வேண்டும், பில் அச்சாக வேண்டும், பேக்கப் உண்மையாகவே திரும்ப வர வேண்டும். கீழே உள்ள வரிசை உபுண்டு 24.04, வெர்ச்சுவல்பாக்ஸ் 7 (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), விண்டோஸ் 11, டேலி பிரைம் என்ற கூட்டணிக்கு எழுதியது.

1. வைனா, விஎம்மா?

இரண்டு வழி உண்டு. விண்டோஸே இல்லாமல், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் நேரடியாக ஓட்டுவது ஒன்று. உபுண்டுவுக்குள் ஒரு மெய்நிகர் கணினி (விஎம்) வைத்து, அதில் முழு விண்டோஸைப் போட்டு ஓட்டுவது இன்னொன்று. தொழில் கணக்கு எழுதுபவர் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள்.

வைன் இலவசம், வேகம், விண்டோஸ் உரிமமும் வேண்டாம். ஆனால் டேலியின் உரிமத்தைப் பின்னணியில் சரிபார்ப்பது டேலி கேட்வே சர்வர் என்ற விண்டோஸ் சர்வீஸ். வைனில் அது இன்று ஓடும், வைனோ டேலியோ ஒரு அப்டேட் வாங்கியதும் நிற்கலாம். நின்றால் டீலரிடம் முறையிட முடியாது. விண்டோஸ் அல்லாத அமைப்புக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. பொருள் பெயரோ கஸ்டமர் பெயரோ தமிழில் இருந்தால் பில்லில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ எழுத்துரு வைனில் இல்லாததுதான் காரணம்.

அன்றாடம் எரிச்சலூட்டுவது விசைகள். டேலியில் காலவரம்பை மாற்ற ஆல்ட்+எஃப்2. உபுண்டுவின் திரைச்சூழலான க்னோம் அதை நடுவழியில் பறித்துக் கட்டளைப் பெட்டியைத் திறக்கும். ஆல்ட்+எஃப்7 டேலியில் ஸ்டாக் ஜர்னல், க்னோமில் சாளரத்தை நகர்த்தும். ஆல்ட்+எஃப்8 டேலியில் டெலிவரி நோட், க்னோமில் சாளரத்தின் அளவை மாற்றும். உபுண்டு செட்டிங்ஸில் கீபோர்டு ஷார்ட்கட் பகுதிக்குப் போய் இவற்றை நீக்கலாம்தான். ஆனால் இருபது வருடம் டேலி தட்டிப் பழகிய கை எந்தெந்த விசையை அழுத்தும் என்று முன்கூட்டியே பட்டியல் போட முடியாது.

வைன் யாருக்குப் பொருந்தும்? படிக்கிறவர்களுக்கு. டேலியை உரிமம் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறந்தால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் வவுச்சர் போடலாம். பயிற்சிக்கு அது போதும்.

முதலாளி பாக்கிப் பட்டியலும் ஸ்டாக்கும் பார்க்க மட்டும் உபுண்டுவில் டேலி கேட்கிறார் என்றால் இந்த வேலையே வேண்டாம். டேலியின் புதுப்பிப்புச் சந்தாவான டிஎஸ்எஸ் நடப்பில் இருந்தால் டேலி பிரைம் அறிக்கைகளை எந்தக் கணினியின் பிரவுசரிலும் பார்க்கலாம்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டேலி வாங்கிய பில், சீரியல் நம்பர், ஆக்டிவேஷன் கீ. இவற்றோடு, எல்லாரும் கோட்டை விடும் ஒன்று: டேலி உரிமத்தில் பதிவாகியிருக்கும் அட்மின் மின்னஞ்சல். உரிமத்தைப் புதிய கணினியில் திறக்கும் அன்லாக் கீ அந்த முகவரிக்குத்தான் வரும். நான்கு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டின் சொந்த ஜிமெயிலோ, விற்றவரே போட்டுக்கொண்ட முகவரியோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். பழைய கணினியில் டேலி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். திறக்க முடியவில்லை என்றால், முகவரியை மாற்றி முடிக்கும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

விண்டோஸ் உரிமத்தின் பில்லும் கீயும் வேண்டும். இ-இன்வாய்ஸ், இ-வே பில் போடுகிறவர்கள் அந்தத் தளங்களின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்து வையுங்கள், டேலி மறுபடி கேட்கும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய தொழில்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால், அங்கே ஒரு நாள் பில் நின்றாலும் சரக்கு நிற்கும்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனமா? அப்படியானால் எந்த டேலி என்பதையும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அதற்காக வந்தது டேலி பிரைம் எடிட் லாக் என்ற தனிப் பதிப்பு. விஎம்மில் புதிதாக நிறுவும்போது சாதாரணப் பதிப்பை இறக்கிவிட்டால் ஆடிட்டரிடம் பதில் சொல்ல வேண்டிவரும்.

3. செலவு

டேலி உரிமம் ஏற்கனவே இருந்தால் அதையே மாற்றிக்கொள்ளலாம், புதிதாக வாங்க வேண்டாம். இல்லாதவர்களுக்கு: சில்வர் என்ற ஒற்றைப் பயனர் உரிமத்தின் பட்டியல் விலை 22,500 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 26,550. பலர் ஒரே நெட்வொர்க்கில் பயன்படுத்தும் கோல்டு 67,500, வரியோடு 79,650. வாங்குகிற அன்று விலையை ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு விண்டோஸ். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் அந்த மதர்போர்டுக்குக் கட்டுப்பட்டது. உபுண்டு போட்டபின் அதை விஎம்முக்குள் எடுத்துச் செல்லலாம் என்று நினைக்காதீர்கள். தனியாக ரீடெயில் உரிமம் வாங்க வேண்டும், பத்தாயிரம் ரூபாயை ஒதுக்கி வையுங்கள். ஐநூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் கீ எப்போது வேண்டுமானாலும் ரத்தாகலாம், பில்லும் வராது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால் புதிதாகப் போடுகிறவர்கள் 11க்கே போங்கள்.

வெர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதன் எக்ஸ்டென்ஷன் பேக் மட்டும் அலுவலகப் பயன்பாட்டுக்கு இலவசம் இல்லை. பழைய வழிகாட்டிகள் பென்டிரைவ் வேலை செய்ய அதைப் போடச் சொல்லும். 7ஆம் பதிப்பிலிருந்து யூஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டன. எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தொடாதீர்கள்.

கணினியில் 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருந்தால் நிம்மதி. 8 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரில் பத்துத் தாவல் திறந்துவிட்டு டேலி மெதுவாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

4. எப்போது செய்வது

மாதத்தின் 1 முதல் 20 வரை வேண்டாம். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. 21 தாண்டிய ஒரு சனிக்கிழமை மதியம் தொடங்குவது நல்லது. மார்ச், ஏப்ரலில் இந்தப் பக்கமே வராதீர்கள். விண்டோஸ் நிறுவி அப்டேட் முடிய அரை நாள், டேலியும் உரிமமும் ஒரு மணி நேரம், பிரிண்டருக்கு எவ்வளவு நேரம் என்பது பிரிண்டரைப் பொறுத்தது. பழைய கணினியை ஒரு மாதமாவது கலைக்காமல் வையுங்கள்.

5. உபுண்டு பக்கத் தயாரிப்பு

பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்க வேண்டும். இன்டெலில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் இருக்கும். பல லேப்டாப்களில் அது அணைந்தே வரும்.

வெர்ச்சுவல்பாக்ஸை நிறுவும்போது, கணினியில் செக்யூர் பூட் இருந்தால், ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதை எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யவா என்று சில விநாடி மட்டும் கேட்கும். அங்கே ‘என்ரோல்’ தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஏதோ பிழைத்திரை என்று எண்டர் தட்டித் தாண்டிவிட்டால், விஎம் துவங்கும்போது கெர்னல் டிரைவர் இல்லை என்று -1908 எண்ணோடு பிழை வரும். மறுபடி நிறுவினால் அதே நீலத்திரை திரும்ப வரும்.

இன்னொரு பிழை, விடி-எக்ஸை வேறு ஹைபர்வைசர் (விஎம் ஓட்டும் மென்பொருள்) பிடித்துவைத்திருக்கிறது என்பது. லினக்ஸ் கெர்னல் 6.12லிருந்து, அதனோடே வரும் விஎம் வசதியான கேவிஎம்மின் மாட்யூல் ஏறும்போதே விர்ச்சுவலைசேஷனைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. கேவிஎம்மை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் இது நடக்கும். அந்த மாட்யூலை இறக்கிவிட்டால் விஎம் துவங்கும். நிரந்தரமாக வேண்டுமானால் தடைப்பட்டியலில் சேருங்கள்.

உங்கள் பயனர் கணக்கை வெர்ச்சுவல்பாக்ஸின் யூசர்ஸ் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் யூஎஸ்பி பட்டியல் காலியாகவே இருக்கும். லாகின் திரையின் கீழ்மூலைப் பல்சக்கரத்தில் ‘உபுண்டு ஆன் ஸோர்க்’ தேர்ந்தெடுங்கள். உபுண்டுவின் வழக்கமான திரை முறையான வேலண்டில், விஎம்முக்குப் போக வேண்டிய ஆல்ட் விசைகளை உபுண்டு பிடித்துக்கொள்ளும் தொல்லை உண்டு.

6. விஎம் அமைப்பது

வகையில் விண்டோஸ் 11, 64 பிட் என்று தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0வும் இஎஃப்ஐயும் தானாகச் சேரும். ‘அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்’ என்பதைத் தவிர்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். விட்டுவிட்டால் வெர்ச்சுவல்பாக்ஸ் தன்னிஷ்டத்துக்கு ஒரு பயனரை உருவாக்கி, உங்கள் கீக்குப் பொருந்தாத விண்டோஸ் பதிப்பைக்கூட நிறுவக்கூடும். ராம் 4 ஜிபி, பிராசசர் 2, டிஸ்க் 64 ஜிபி. விண்டோஸ் ஏறியதும் கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவுங்கள். திரை அளவும், உபுண்டுவோடு நேரம் ஒத்துப்போவதும் அதனால்தான்.

இப்போது, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: கணக்குக்குத் தனி டிஸ்க். விஎம்மை அணைத்துவிட்டு இரண்டாவது மெய்நிகர் டிஸ்க் ஒன்று, 20 ஜிபி, சேருங்கள். மீடியா மேனேஜரில் அதன் வகையை ‘ரைட்த்ரூ’ என்று மாற்றுங்கள். விண்டோஸில் அது டி டிரைவாக வரும், டேலி டேட்டா அங்கே இருக்கட்டும்.

காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் ஒரு நேர நிலையைச் சேமித்து வைத்துப் பிறகு அதற்கே திரும்பும் வசதி. விண்டோஸ் அப்டேட் ஏதோ கெடுத்துவிட்டது, நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புகிறீர்கள். டேட்டா சி டிரைவில் இருந்தால் இன்று போட்ட வவுச்சர்களும் சேர்ந்து மறைந்துவிடும். அதே பில்களுக்கு இ-இன்வாய்ஸ் தளத்தில் ஐஆர்என் (பில்லுக்குத் தளம் தரும் பதிவு எண்) மட்டும் உயிரோடு இருக்கும். மறுபடி அதே பில் எண்ணைப் போட்டால் ஏற்கனவே உள்ளது என்று தளம் திருப்பி அனுப்பும். ரத்து செய்யவும் 24 மணி நேரம்தான். கம்பெனி என்றால் எடிட் லாக்கும் சேர்ந்து பின்னுக்குப் போயிருக்கும், அணைக்க முடியாத தடத்தை அழித்த கணக்குதான் அது. ரைட்த்ரூ டிஸ்கை ஸ்னாப்ஷாட் தொடாது. சி டிரைவ் மட்டும் பின்னால் போகும், கணக்கு இன்றைய நிலையிலேயே நிற்கும்.

டேட்டாவை உபுண்டுவின் ஷேர்டு ஃபோல்டரில் வைத்தால் இன்னும் பத்திரமல்லவா என்று தோன்றும். வேண்டாம். டேலி தன் கோப்புகளைப் பூட்டித் திறந்து எழுதுவது, வெர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறையில் நம்பகமாக நடப்பதில்லை. அந்த ஃபோல்டர் பேக்கப்புக்கு மட்டும்.

7. வலப்பக்க கன்ட்ரோல் விசை

வெர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல்தான் ஹோஸ்ட் கீ, அதாவது டேலிக்குப் போகாமல் வெர்ச்சுவல்பாக்ஸுக்கே கட்டளை கொடுக்கும் விசை. டேலிக்காரர்களுக்கு இது ஆபத்து. முந்தைய வவுச்சரின் நரேஷனைக் கொண்டுவர கன்ட்ரோல்+ஆர் அழுத்துவார்கள். வலது கையால் அழுத்தினால் விஎம்மை ரீசெட் செய்யவா என்று கேட்கும், வழக்கப்படி எண்டர் தட்டினால் போச்சு. டேலியிலிருந்து வெளியேறும் கன்ட்ரோல்+க்யூ, விஎம்மையே மூடும் பெட்டியைத் திறக்கும். பிரிஃபரன்ஸில் இன்புட் பகுதிக்குப் போய் ஹோஸ்ட் கீயை ஸ்க்ரோல் லாக் என்று மாற்றிவிடுங்கள்.

8. உரிமத்தை மாற்றுவது

வரிசை முக்கியம். பழைய கணினியில் பேக்கப் எடுங்கள், பிறகு அங்கே உரிமத்தை சரண்டர் செய்யுங்கள். எஃப்1 உதவிப் பட்டியலில் செட்டிங்ஸ், லைசென்ஸ் வழியாக அது இருக்கும், இணையம் வேண்டும். அதன்பின் விஎம்மில் டேலியை நிறுவி, சீரியல், ஆக்டிவேஷன் கீ, அட்மின் மின்னஞ்சல் கொடுத்து, வரும் அன்லாக் கீயால் திறங்கள்.

ஆக்டிவேட் செய்யும் முன்பே விஎம்மின் வடிவம் முடிவாகியிருக்க வேண்டும். உரிமம் கணினியின் அடையாளங்களோடு பிணைந்தது. பிறகு விஎம்மைக் குளோன் செய்தாலோ நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை மாற்றினாலோ டேலி இதை வேறு கணினி என்று எண்ணி எஜுகேஷனல் மோடுக்குப் போய்விடக்கூடும். அப்படிப் போனால் பதறாதீர்கள், கணக்கு அப்படியே இருக்கும். உரிமத்தை மட்டும் மீட்க வேண்டும்.

9. டேட்டாவைக் கொண்டுவருவது

பழைய கணினியின் டேலி டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000 போல எண்ணே பெயராக ஒரு ஃபோல்டர் இருக்கும். அவற்றை அப்படியே டி டிரைவுக்கு நகலெடுத்து, டேலியின் டேட்டா பாதையை அங்கே காட்டினால் போதும். பிரைமுக்கு முந்தைய டேலியான ஈஆர்பி 9லிருந்தோ பழைய பிரைமிலிருந்தோ வருகிறீர்கள் என்றால் புதிய பதிப்பு டேட்டாவை மைக்ரேட் செய்யும். மாறிய டேட்டாவைப் பழைய பதிப்பில் மறுபடி திறக்க முடியாது. ஆகவே தொடாத ஒரு நகல் பென்டிரைவில் தனியாக இருக்கட்டும்.

வந்ததும் சரிபார்க்க வேண்டியது டிரையல் பேலன்ஸ், கடைசி பில் எண், குளோசிங் ஸ்டாக். இரண்டு கணினியிலும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும்.

10. பிரிண்டரும் டோக்கனும்

நெட்வொர்க்கில் உள்ள லேசர் பிரிண்டர் என்றால் விண்டோஸில் அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. தொடர்தாளில் மூன்று பிரதி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்தான் நேரம் தின்னும். யூஎஸ்பி ஃபில்டரில் அந்தப் பிரிண்டரைச் சேர்த்து நேராக விஎம்முக்கே கொடுத்துவிடுங்கள், விண்டோஸ் டிரைவரைப் போடுங்கள், காகித அளவை விண்டோஸ் பிரிண்ட் சர்வர் அமைப்பில் உங்கள் தாளுக்கேற்ப உருவாக்குங்கள். அளவு தவறாக இருந்தால் ஒவ்வொரு பில்லும் இரண்டு மூன்று வரி தள்ளித் தள்ளி, பத்தாவது பில் துளைக்கோட்டின் மேல் போய் விழும். விஎம் பிடித்திருக்கும் பிரிண்டரில் உபுண்டுவிலிருந்து அச்சடிக்க முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் இதே விதி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான்.

11. கோல்டு உரிமம் என்றால்

மற்ற கணினிகள் விஎம்மை அடைய, அதன் நெட்வொர்க் அமைப்பை ‘NAT’ என்பதிலிருந்து ‘பிரிட்ஜ்டு’ என்பதற்கு மாற்றுங்கள். அது வைஃபையில் தடுமாறும், கேபிள் போடுங்கள். ரவுட்டரில் விஎம்முக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் டேலிக்கும், உரிமச் சேவையின் வழக்கமான 9999 போர்ட்டுக்கும் வழி விடுங்கள்.

12. அன்றாட ஒழுங்கு

மாலையில் முதலில் டேலியை மூடுங்கள், பிறகு விண்டோஸை ஷட்டவுன் செய்யுங்கள். விஎம் சாளரத்தின் மூடும் பெட்டியில் ‘பவர் ஆஃப்’ என்று இருப்பது பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம். நிலையைச் சேமித்து மூடுவதும் டேலி திறந்திருக்கும்போது வேண்டாம். கம்பெனி திறக்காமல் பிழை காட்டினால், டேட்டாவை முதலில் நகலெடுத்துவிட்டு, ஆல்ட்+ஒய் பட்டியலில் உள்ள ரிப்பேரை ஓட்டுங்கள். நகலெடுக்காமல் ரிப்பேர் ஓட்டக் கூடாது.

பேக்கப்பும் அதே ஆல்ட்+ஒய் பட்டியலில். ஷேர்டு ஃபோல்டருக்குள் போடுங்கள், அங்கிருந்து உபுண்டு தானாக இரவில் வெளி ஹார்டு டிஸ்குக்கு எடுத்துச் செல்லும்படி கிரான் என்ற நேர அட்டவணையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்க வேண்டும் என்று விதி இருப்பதால், கிளவுடில் எந்த நாட்டு மையம் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதமும், கம்பெனிக் கணக்குகளை 8 நிதியாண்டும் காக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் செய்து பாருங்கள், ஆனால் வேறொரு காலி ஃபோல்டருக்குள். நடப்பு டேட்டா இருக்கும் பாதையையே கொடுத்தால் இன்றைய கணக்கின் மேல் பழையது ஏறிவிடும்.

உபுண்டு புதிய கெர்னலை இறக்கியிருந்தால், அக்கவுண்டன்ட் வரும் முன் காலையில் ஒருமுறை விஎம்மைத் துவக்கிப் பாருங்கள். துவங்கவில்லை என்றால் பூட் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து அன்றைய பாட்டை ஓட்டிவிடலாம், மாட்யூலை மாலையில் சரிசெய்துகொள்ளலாம்.

கணினியையே மாற்றும் நாள் வந்தால் முதலில் சரண்டர், அதன்பின் விஎம்மின் முழு ஃபோல்டரையும் நகலெடுப்பது. டிஸ்க் கோப்பை மட்டும் எடுத்துப்போனால் டிபிஎம் தகவல் பின்தங்கிவிடும், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் விண்டோஸ் மீட்புக் கீ கேட்டு நிற்கும். சரண்டர் செய்யும் முன்பே ஹார்டு டிஸ்க் போய்விட்டால், அந்த அட்மின் மின்னஞ்சலும் பில்லும் கையில் இருந்தால்தான் டீலர் மூலமோ டேலி ஆதரவு மூலமோ உரிமத்தை விடுவிக்க முடியும்.